செம்பு நாட்டில் பதினெட்டு நாள்

ஆப்பிரிக்காவுக்குச் சென்று வந்தோம் என்றதும் நம் சங்கத்து அன்பர்கள் முதலில் கேட்டது, "சிங்கம் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்க்கவில்லை. ஒட்டகச் சிவிங்கி பார்த்தோம். அதுவும் ரெயில் சன்னல் வழியாக. நாங்கள் போனது வேட்டைக்கும் அன்று, வேடிக்கைக்கும் அன்று. ஜாம்பியா நாட்டுக் கிட்வே நகரில் எட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமக்கையாரையும் அத்தானையும் கண்டு வருவதற்காக, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் நானிலம் தாண்டிப் புறப்பட்டோம். அத்தானுக்கு அங்கே குஜராத்திக் குடும்பம் ஒன்று நடத்தும் கடையில் கணக்கு வேலை. சுரங்கங்களுக்குப் பம்பும் குழாயும் உதிரிச் சாமான்களும் விற்கும் கடை அது.

நேரே விமானத்தில் போயிருக்கலாம். நாங்களோ தான்சானியாவின் டாருஸ்ஸலாம் துறைமுக நகரில் இறங்கி, அங்கிருந்து ரெயிலில் சென்றோம். "இவ்வளவு செலவழித்துக் கடல் கடந்து வந்தும் ரெயிலை விடமாட்டீர்களா?" என்று இல்லாள் கேட்டது நியாயந்தான். ஆனால் சரக்கு ஆபீசில் பன்னிரண்டு ஆண்டுகள் ரசீது எழுதிய கைக்கு, ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள வேறு வழி தெரியாது. எந்தச் சாமான் எந்தத் திசையில் போகிறது, திரும்பி வரும் வேகனில் என்ன வருகிறது என்று பார்த்தால் அந்நாட்டின் வீட்டுக் கணக்கே விளங்கிவிடும்.

டாருஸ்ஸலாமிலிருந்து ஜாம்பியாவின் காபிரி இம்போஷி வரை செல்லும் இந்தப் பாதைக்கு 'டாசாரா' என்று பெயர். நீளம் 1,860 கிலோமீட்டர். அகலம் நம் அகலப் பாதையும் அன்று, பழைய மீட்டர் பாதையும் அன்று. 1,067 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி ஆறங்குலம். தென்னாப்பிரிக்கப் பாதைகளோடு இணைய வேண்டும் என்பதற்காக அந்த அளவு. டாருஸ்ஸலாமிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் பழைய ஜெர்மானியர் காலத்துப் பாதையோ மீட்டர் அளவு. ஒரே ஊரில் வேறு வேறு அளவுப் பாதைகள். ஒன்றன் வேகன் மற்றொன்றில் ஏறாது. மீட்டர் பாதையிலிருந்து அகலப் பாதைக்குச் சரக்கு மாற்றிய நாட்களின் அவதியை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் துன்பம் புரியும்.

இப்பாதை பிறந்த கதை சுவையானது. ஜாம்பியாவுக்குக் கடற்கரை இல்லை. 1964 அக்டோபர் 24ல் அது சுதந்திரம் பெற்றபோது அதன் செம்பில் பெரும்பகுதி தெற்கே, வெள்ளையர் ஆண்ட ரொடீஷியா வழியாகத்தான் துறைமுகம் சேர வேண்டியிருந்தது. 1965ல் ரொடீஷிய வெள்ளையர் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். தன் கழுத்தை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு எவ்வாறு உறங்குவது? ஜாம்பிய ஜனாதிபதி கென்னத் கவுண்டாவும் தான்சானிய ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேயும் மேல்நாடுகளிடம் ரெயில்பாதை கேட்டனர். இலாபம் வராது என்று கைவிரித்துவிட்டனர். பிறகு சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தன் ஆட்களையும் அனுப்பிற்று. 1970ல் தொடங்கி 1975ல் தண்டவாளம் போட்டு முடித்து, 1976ல் ஒப்படைத்தனர். முந்நூறுக்கு மேற்பட்ட பாலங்கள், இருபதுக்கு மேற்பட்ட மலைக்குகைகள். வேலையில் உயிர்நீத்த சீனர் மட்டும் அறுபதுக்கு மேல். இம்லிம்பா என்னும் இடத்திலிருந்து மகம்பாகோ வரை வண்டி மலையேறும்போது, குகைக்குள்ளிருந்து பாலம், பாலத்திலிருந்து குகை என்று மாறி மாறி வருவதைக் காண எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் நாங்கள் பார்த்தது வேகன்களை. ஆண்டொன்றுக்கு 20 லட்சம் டன் ஏற்றத் திட்டமிட்ட பாதை அது. 2014-15ஆம் ஆண்டில் ஒரு லட்சம் டன்னுக்கும் குறைவாக ஏற்றிற்று. மூன்று நாள் பிரயாணத்தில் எதிர்ப்பட்ட சரக்கு வண்டிகளை விரல்விட்டு எண்ணினோம். இரண்டு கை விரல்களும் தேவைப்படவில்லை. பழுதான எஞ்சின்கள் பக்கத்துப் பாதைகளில் புல் முளைத்து நின்றன. வேகத்தைக் குறைக்கும் பலகைகள் அடிக்கடி வந்தன. ஆயினும் ஒரு சிறு ஸ்டேஷனில், நள்ளிரவில், வெள்ளைச் சட்டை அணிந்து பச்சை விளக்குடன் நின்ற ஸ்டேஷன் மாஸ்டரைக் கண்டபோது நெஞ்சு நெகிழ்ந்தது. எந்த நாடானால் என்ன, அந்த விளக்கும் அந்த நிற்கும் நிலையும் ஒன்றே.

படுக்கை அறைகளில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. அறை முழுவதையும் வாங்கினாலன்றிக் கணவன் மனைவி சேர்ந்து பயணம் செய்ய இயலாது. எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. இதனால் விளைந்த நன்மை, பாதி விவரங்கள் பெண்கள் அறையிலிருந்து வந்தவை. இல்லாளுடன் இருந்தவர் லுவான்ஷியா ஊரைச் சேர்ந்த அம்மையார், வயது ஐம்பதிருக்கும். டாருஸ்ஸலாமில் துணியும் பிளாஸ்டிக் வாளிகளும் வாங்கிச் சென்று விற்பவர். நல்ல ஆங்கிலம் பேசினார். அவருடைய தந்தையார் செப்புச் சுரங்கத் தொழிலாளி.

"என் தகப்பனார் காலத்தில் சுரங்கம் எங்களுக்குத் தாயாக இருந்தது. வீடு கொடுத்தது, ஆஸ்பத்திரி வைத்தது, பந்து விளையாட மைதானம் அமைத்தது. குழந்தை பிறந்தால் கவனித்தது, செத்தால் புதைத்தது. பிறகு விற்றுவிட்டார்கள்" என்றாராம். யாருக்கு விற்றார்கள் என்று இல்லாள் கேட்டாள். அம்மையார் சற்றுத் தயங்கிவிட்டு, "உங்கள் நாட்டுக் கம்பெனிக்கு அம்மா" என்றார். 1997ல் வாங்கிய அந்தக் கம்பெனி மூன்றே ஆண்டில் நொடித்து, நடத்துவார் இல்லாமற் போயிற்று. தந்தைக்கு வரவேண்டிய தொகை முழுவதும் கிடைக்காமலே அவர் காலமானார். இவ்வளவையும் கோபமின்றிச் சொல்லிவிட்டு, தம் வேர்க்கடலைப் பொட்டலத்தை இல்லாளின் மடியில் வைத்தாராம். விடிந்ததும் எங்களிடம் வந்து இதைச் சொன்னபோது இல்லாளின் குரல் கம்மியிருந்தது.

எல்லை ஸ்டேஷனான துண்டுமாவில் வண்டி நெடுநேரம் நின்றது. குடியேற்ற அதிகாரிகள் வண்டிக்குள்ளேயே வந்து முத்திரை இட்டனர். அவர்களுக்குப் பின்னாலேயே பணம் மாற்றுவோர் கத்தை கத்தையாக நோட்டுகளுடன் ஏறினர். ஜாம்பிய நாணயத்தின் பெயர் குவாச்சா. விடியல் என்று பொருள். சன்னலுக்கு வெளியே சாலையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஒவ்வொரு நீண்ட லாரியிலும் நடுவே சில கட்டுகள் மட்டும். காலி லாரியோ என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவை செப்புத் தகடுகள்; அந்தச் சில கட்டுகளே முழுப் பாரம். ரெயில்பாதை பக்கத்தில் சும்மா கிடக்க, செம்பு லாரியில் போகிறது! ரெயில்வேக்காரனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. (2025ல் சீன நிறுவனம் ஒன்றுக்கு இப்பாதையை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கிறார்கள், ஏறத்தாழ 140 கோடி டாலர் போட்டுப் புதுப்பிப்பதாக ஏற்பாடு.)

காபிரி இம்போஷியில் இறங்கி, பேருந்தில் கிட்வே சென்றோம். வழியெல்லாம் காடு. மழைக்கு முந்திய அப்பருவத்தில் மரங்கள் பச்சைத் தளிருக்குப் பதில் செந்தளிர் விடுகின்றன. காடே செம்பாகத் தோன்றிற்று. அந்தக் காட்டின் ஓரத்தில் மைல் கணக்காகக் கரி மூட்டைகள். சைக்கிளில் இரண்டு மூன்று மூட்டைகளை ஆள் உயரத்துக்குக் கட்டித் தள்ளிச் செல்லும் இளைஞர்கள். மரத்தை ஏன் இப்படி அழிக்கிறார்கள் என்று மனத்துக்குள் குறைப்பட்டுக்கொண்டோம். அன்று இரவே அதற்கு விடை கிடைத்தது.

அக்காள் வீட்டில் மின்சாரம் இல்லை. "எப்போது வரும் அக்கா?" என்று கேட்டோம்.

"நடுச்சாமத்தில் வந்தாலும் வரும் தம்பி. மூன்று மணி நேரம் இருந்தால் அதிருஷ்டம். இட்லி மாவு அரைக்க அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன்" என்றார் அக்காள், கரியடுப்பை விசிறிக்கொண்டே.

ஜாம்பியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்து வருவது. அதில் முக்கியமானது ஜாம்பேசி ஆற்றின் கரீபா அணை, 1959ல் கட்டி முடித்தது. 2023-24 பருவத்தில் மழை பொய்த்தது. 2024 பிப்ரவரி 29ல் அரசாங்கம் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. சோளம் காய்ந்தது, அணையும் வற்றிற்று. அவ்வாண்டு ஒரு நாளில் இருபத்தொரு மணி நேரம் வரை மின்வெட்டு. முடி திருத்துவோர், தையற்காரர், வெல்டிங் கடைக்காரர், ஐஸ் பெட்டியில் மீன் விற்பவர் என எல்லாருக்கும் பிழைப்பு நின்றது. கரி வாங்காமல் சமைக்க வழியில்லை. பேருந்தில் நாங்கள் பட்ட குறையை அக்காளிடம் சொல்லவில்லை.

இரவு மொட்டை மாடியில்லாத அவ்வீட்டின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தோம். தெருவெல்லாம் இருள். அடிவானத்தில் மட்டும் வரிசை வரிசையாக விளக்குகள். "அது என்ன ஊர் அத்தான்?" என்றோம். "ஊரில்லை மாப்பிள்ளை, சுரங்கம்" என்றார். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி சுரங்கங்களுக்கே செல்வது. அவை நின்றால் அன்னியச் செலாவணி நிற்கும். ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு எழுபது செம்பிலிருந்துதான். ஆகவே அவற்றுக்கு முதலில் கொடுத்து, வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கியும் கொடுக்கிறார்கள். அத்தான் சம்பளம் அந்த விளக்குகள் எரிவதால் வருவது. அவர் எதைக் குறை கூறுவார்?

நம் ரெயில்வேயில் மின்சார எஞ்சினுக்கு மேலே ஓடும் கம்பி செம்பு. வீட்டுக் கம்பிகளிலும் மோட்டார்களிலும் மின்சாரம் ஓடுவது பெரும்பாலும் செம்பில். ஆப்பிரிக்காவில் காங்கோவுக்கு அடுத்தபடி அதிகமாகச் செம்பு எடுக்கும் நாடு ஜாம்பியா. 2024ல் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல். அச்செம்பு தோன்றும் ஊரில் எங்கள் அக்காள் மெழுகுவத்தியில் அரிசி களைந்தார்.

நாடோ பெரிது, தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. மக்கள் இரண்டு கோடிதான். எழுபதுக்கு மேற்பட்ட இனத்தார் இருந்தும் உள்நாட்டுப் போர் கண்டதில்லை. 1991, 2011, 2021 என மூன்று முறை ஆளுங் கட்சியை வாக்குச் சீட்டால் மாற்றியிருக்கிறார்கள். சண்டையாலன்றோ ஆப்பிரிக்கா ஏழையாயிற்று என்று இங்கே சிலர் எளிதாகச் சொல்வதுண்டு. இந்நாட்டைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஆயினும் 2022ல் எடுத்த அரசாங்கக் கணக்கின்படி நூற்றுக்கு அறுபது பேர் வறுமையில் உள்ளனர். கிராமப்புறத்தில் ஏறக்குறைய எண்பது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களுக்கு விளங்கிய வரை தொடக்கமே கோணல். சுதந்திரத்தின் வாசல்வரை, நிலத்தடிச் செம்புக்குரிய கப்பத்தைப் பெற்று வந்தது செசில் ரோட்ஸ் தொடங்கிய ஆங்கிலக் கம்பெனி. போகும்போது அதற்கு இழப்பீடும் கொடுத்தனுப்பினார்கள்! சுதந்திர நாளில் அந்நாட்டாருள் பட்டதாரிகள் நூறு பேர் அளவே. பிறகு சுரங்கங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் செழித்தது. 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்தது. விலை மீண்டும் ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கினர், ஏறவில்லை. கடன் கொடுத்தவர் சொற்படி 1990களின் இறுதியில், விலை அடிமட்டத்தில் இருந்தபோது சுரங்கங்களை விற்றனர். விற்ற சில ஆண்டுகளில் விலை பல மடங்கு ஏறியது. அந்த ஏற்றம் வாங்கியவர்களுக்கு. மறுபடி கடன், 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாத நிலை. இன்று இந்தியர், சீனர், கனடா நாட்டார், அபுதாபிக்காரர் என்று சுரங்கத்துக்கொரு தேசத்தார். லுவான்ஷியாவில் செப்புக்கம்பித் தொழிற்சாலை ஒன்று நெடுங்காலமாக உண்டுதான். ஆனால் எடுத்த செம்பில் மிகப் பெரும்பகுதி தகடாகவே வெளியேறுகிறது. கம்பியும் மோட்டாரும் வேறு நாட்டில் செய்து, விலையேறித் திரும்பி வருகின்றன. அத்தான் கடைப் பம்புகளின் மேலுறையைத் திறந்து காட்டினார். உள்ளே செம்புச் சுருள். பெட்டியின்மேல் வேறு நாட்டின் பெயர்.

அக்காள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாளுக்கு மூன்று குழந்தைகள். மக்காச்சோள மாவைக் கிளறி 'இன்ஷிமா' என்னும் களி செய்கிறார்கள். நம் கேழ்வரகுக் களியின் உடன்பிறப்பு. கீரையும் கருவாடும் தொட்டுக்கொள்வது. இல்லாள் ஒரே நாளில் கிண்டக் கற்றுக்கொண்டாள். 25 கிலோ மாவு மூட்டை அப்போது 300 குவாச்சாவைத் தாண்டிவிட்டது, நம் பணத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். மூட்டையாக வாங்க இயலாமல் அந்த அம்மாள் அன்றன்றைக்குச் சிறு பையாக வாங்குவார். அப்படி வாங்குவதால் கிலோவுக்கு அதிகம் கொடுப்பார். ஏழைக்கு எந்த நாட்டிலும் விலை அதிகந்தான். ஆனால் பிள்ளைகள் மூவரும் பள்ளிக்குப் போகிறார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மேல்வகுப்பு வரை கட்டணம் இல்லை. அவ்வாண்டு ஒரே மூச்சில் 30,000 ஆசிரியர்களை நியமித்தனர். வகுப்பில் உட்கார இடமில்லாமல் தரையில் அமர்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். பெரிய பெண் தெருவிளக்குமின்றிச் சுண்டு மெழுகுவத்தியில் கணக்குப் போட்டதைப் பார்த்தோம்.

கிட்வேயில் ஒரு கருநிற மலை இருக்கிறது. மலையன்று, பல பத்தாண்டுகளாக உருக்காலை கொட்டிய கசடு. அதில் மிச்சமிருக்கும் செம்பைக் கிளறியெடுத்து விற்று வேலையில்லா இளைஞர்கள் பிழைக்கிறார்கள். 2018ல் அது சரிந்து பத்துப் பேர் மாண்டனர். அத்தான் வண்டியை அங்கே நிறுத்த மறுத்துவிட்டார்.

ஒரு நாள் சாமான் கொடுக்கச் சிங்கோலா நகருக்கு அத்தான் போனபோது உடன் சென்றோம். அங்குள்ள இன்சாங்கா திறந்தவெளிச் சுரங்கம் ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பூமியில் யாரோ படிக்கட்டு வெட்டியதுபோல் இருந்தது. இச்சுரங்கத்தை நடத்தும் கம்பெனியின் பெரும்பங்கை 2004ல் வாங்கியது வேதாந்தா. தூத்துக்குடியில் செம்பு உருக்காலை வைத்திருந்த அதே வேதாந்தா. 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாண்ட பதின்மூவரை நம் வீடுகளில் யார் மறந்திருப்பார்கள்? சிங்கோலாவைச் சுற்றியுள்ள கிராமத்தார் 1,826 பேர், தங்கள் ஓடையும் நிலமும் சுரங்கக் கழிவால் கெட்டன என்று இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். அங்கேயே வழக்காடலாம் என்று 2019 ஏப்ரலில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021ல், கம்பெனி பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, சமரசமாயிற்று. இடையில் 2019ல் ஜாம்பிய அரசாங்கம் சுரங்கத்தைக் கம்பெனியின் கையிலிருந்து எடுத்தது. 2024 ஜூலையில் திரும்பக் கொடுத்தது. நாங்கள் போனது அதற்குச் சில வாரங்கள் கழித்து.

சாலையோரத்தில் தக்காளி விற்ற முதியவரிடம் இல்லாள் ஒரு கூடை வாங்கினாள். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றோம். அவர் முகம் மலர்ந்து, "அப்படியானால் சுரங்கத்து முதலாளிகள்!" என்றார். கேலியில்லை, குத்தலும் இல்லை, மரியாதையாகவே சொன்னார். "இல்லை ஐயா, ரெயில்வே குமாஸ்தா" என்றோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "சம்பள பாக்கி கொடுத்துவிடுவீர்கள் அல்லவா? என் மகன் அங்கேதான் இருக்கிறான்" என்று கேட்டுவிட்டு, கூடையில் மேலும் இரண்டு பழங்களை வைத்தார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, வாங்கிக்கொள்ளவும் கூசிற்று. திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. ஊரில் வெள்ளைக்காரக் கம்பெனியின் அநியாயத்தைப் பாடப் புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நம்மைக் கண்டு ஒருவர் அப்படி எண்ணக்கூடும் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

திரும்பி வந்து ஐந்து மாதம் ஆயிற்று. 2025 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அக்காள் தொலைபேசியில் கூப்பிட்டார். 18ஆம் தேதி சம்பீஷிக்கு அருகே சீனச் சுரங்கம் ஒன்றின் கழிவுத் தேக்கக் கரை உடைந்து, ஐந்து கோடி லிட்டர் அமில நீர் ஓடையில் பாய்ந்து கஃபூவே ஆற்றில் கலந்துவிட்டது. மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றை நம்பிய கிட்வே நகரத்துக்குக் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்கள் எல்லாரும் சௌக்கியந்தானே அக்கா?"

"சௌக்கியந்தான் தம்பி. அத்தான் ஆழ்குழாய்க் கிணறு இருக்கும் இடத்தில் வரிசையில் நிற்கிறார். வேலைக்கு வரும் அம்மாள் தன் வீட்டுக்கு இரண்டு குடம் கேட்டாள், அவளையும் அனுப்பியிருக்கிறேன்." சற்று நிறுத்தி, "இப்போது கரண்டு இருக்கிறது" என்றார்.